உப்பு பாக்க ஆள் வேண்டாம்

என்ன தாயி சொன்ன? அம்மாவ அடுப்பங்கரைப் பக்கமே விடுறதில்லயா? பாத்ரூம்ல வழுக்கி விழுந்து தலையில அடிபட்டதுலருந்தா? நல்லா இருக்குடியம்மா உங்க வைத்தியம்! அடிபட்டது தலையிலதான? கையில இல்லயே?

கோவிச்சுக்காத. மனசுல பட்டத பட்டுன்னு சொல்லிருவேன். அடிபட்ட பெறகுதான் மதினி இப்பிடி ஆயிட்டாகன்னு எங்க நாத்தனா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறா. நம்பாத. நான் பெறந்ததுலருந்தே இப்பிடித்தான். நகந்து உக்காரு, ஃபேன் காத்து இங்கதான் வருது. டாக்டரு இப்பதைக்கு வரமாட்டாரு. எந்த ஊரு நீ? அருப்புக்கோட்டையா? நமக்குச் சாத்தூரு.

எனக்கும் தலையிலதான் அடி. போன மாசி மாசம். எங்க வீட்டுக்காரரு வண்டியில பின்னாடி உக்காந்து வாரேன், மடியில காய்கறிப் பை. மெயின் ரோட்டுல புதுசா ஒரு ஸ்பீடு பிரேக்கர் போட்டு வச்சிருக்கான். வெள்ளக்கோடு இல்ல, போர்டு இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வண்டி தூக்கிப் போட்டுச்சு. வண்டி போயிருச்சு, நான் ரோட்டுல கெடக்கேன். கத்திரிக்கா உருண்டு ஓடுனது ஞாபகம் இருக்கு. மத்தது ஒன்னும் ஞாபகத்துல இல்ல. யாரு மேல குத்தம் சொல்ல? எங்க வீட்டுக்காரரு என்னமோ அந்த வண்டிய அடுத்த வாரமே வித்துப்புட்டாரு. நல்லா ஓடுன வண்டி தாயி! ஏன் வித்தீகன்னு கேட்டா, பழசாயிருச்சுங்கிறாரு. இப்ப வேகாத வெயில்ல கடைக்கு நடந்து போறாரு. மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை வச்சிருக்காரு. அந்த மனுசனுக்கு எப்ப என்ன தோணும்னு அந்தப் பெருமாளுக்குத்தான் வெளிச்சம்.

ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, ரத்தக்கட்டு இல்ல, லேசான அடிதான், போகப்போகச் சரியாயிரும்னாக. லேசான அடியாம்! அவுக மண்டையா, லேசுன்னு சொல்ல? மிக்ஸி சத்தம் கேட்டா எனக்கு மண்டைக்குள்ள ஆணி எறங்கும். ஒரு வேலையத் தொடங்குனா பாதியில எங்க நிக்கிறோம்னு தெரியாது. சோத்த வடிச்சுட்டனா, இனிமேத்தான் வடிக்கணுமா? கடுகு போட்டனா, போடலயா? நின்னுக்கிட்டே இருப்பேன். ஒரு நாளு பருப்பக் குக்கர்ல போட்டு, தண்ணி ஊத்தாம மூடி வச்சுட்டேன். வீடு பூராம் பொக. ஒரு தடவதான் தாயி. ரெண்டு தடவன்னு ஆண்டாளு சொல்லுவா. ஒரு தடவதான்.

ஆண்டாளுதான் எங்க நாத்தனா, எங்க வீட்டுக்காரரு தங்கச்சி. அடுத்த தெருவுல இருக்கா. அவ புருசன் துபாயில. மதினிய நான் பாத்துக்கிறேண்ணேன்னு வந்தா. வந்தவ என் அடுப்பங்கரையில போயி ஏறிக்கிட்டா. மல்லித்தூளு டப்பாவுல சீரகம், சீரக டப்பாவுல வெந்தயம். அருவாமனையத் தூக்கி மேல பரணுல வச்சுட்டா, என் கண்ணுக்கு எட்டாம. பொம்பள கையில அருவாமனை இருந்தா உலகமே அழிஞ்சு போயிருமாக்கும். நான் எந்திரிச்சா, 'உக்காருங்க மதினி.' ஒரு டம்ளரக் கழுவப் போனா, 'உக்காருங்க மதினி.' கருவேப்பிலை உருவட்டுமாடின்னு கேட்டா அதுக்கும் 'உக்காருங்க மதினி.' உக்காந்து உக்காந்து இடுப்பு பெருத்ததுதான் மிச்சம். நல்லவதான், இல்லேங்கல. நேரா நேரத்துக்கு சத்துமாவுக் கஞ்சி காச்சிக் குடுத்தா. நான் என்ன பிள்ளத்தாச்சியா, சத்துமாவுக் கஞ்சி குடிக்க?

இதே ஆஸ்பத்திரியிலதான், மாடியில தெரபின்னு ஒரு ரூமு இருக்கு. ஜெனிபர்னு ஒரு பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். மொத நாளு என்னைய உக்கார வச்சு ஒரு தட்டு நெறய பாசிமணிய முன்னால வைக்கிறா. செவப்பு ஒன்னு, பச்ச ஒன்னுன்னு மாத்தி மாத்திக் கோக்கணுமாம். ஏம்மா, நான் என்ன எல்.கே.ஜி. பிள்ளயான்னு தட்டத் தள்ளி விட்டேன். அம்புட்டுப் பாசியும் தரையில. அவ கோவப்படல. குனிஞ்சு பொறுக்கிக்கிட்டே, வீட்டுல என்னம்மா செய்வீங்கன்னு கேட்டா. என்ன செய்வேன், ஆக்குவேன், பொங்குவேன், ஊருக்கே வடிச்சுக் கொட்டுவேன்னேன். அப்ப எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்கன்னா. அந்த ரூமுலயே ஒரு கரண்டு அடுப்பு வச்சிருக்காக.

போட்டுக் குடுத்தேன். ஒரு வாய் குடிச்சா. 'பால் நல்லா இருக்கும்மா, டீத்தூள் எங்க?'ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. சர்க்கரைய ரெண்டு தடவ போட்டுருக்கேன், டீத்தூளே போடல. சிரிச்சுட்டா அந்தப் பிள்ள. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அடிபட்ட பெறகு சிரிச்சது அன்னைக்குத்தான். அப்புறம் ஒரு வழி சொல்லிக் குடுத்தா. அடுப்பப் பத்த வைக்கிறதுக்கு முன்னால, அன்னைக்கு என்னென்ன வேணுமோ அம்புட்டையும் வலது பக்கம் எடுத்து வச்சிரணும். போடப் போட, காலிக் கிண்ணத்த இடது பக்கம் தள்ளிரணும். மறந்து போச்சுன்னா கண்ணால பாத்துக்கிறலாம், மண்டைய ஒடச்சிக்கிற வேண்டியதில்ல. சமையலே உங்களுக்கு மருந்தும்மா, தினம் ஒரு கறி வைங்கன்னுட்டா.

டாக்டரம்மாவே சொல்லிட்டாகன்னு ஆண்டாளுகிட்டச் சொன்னேன். அந்தப் பொண்ணு டாக்டர் இல்லதான். அதனால என்ன? கதவத் தொறந்துதான ஆகணும். ஒரு நாளைக்கு ஒரு கறின்னு கணக்கு. மொதல்ல ஒரு ரசம். அப்புறம் ஒரு கூட்டு. ஆடி மாசத்துலயெல்லாம் கொழம்பு, பொரியல், ரசம்னு தனியா நின்னு சமைச்சேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, உப்பு தப்புனதில்ல தாயி. எங்க வீட்டுக்காரரக் கேட்டுப் பாரு.

ஒரே ஒரு தொல்லை என்னன்னா, நான் அடுப்புல நின்னேன்னா எங்க வீட்டுக்காரருக்குத் தாகம் எடுக்கும். சும்மா இல்ல. ஒரு கொழம்பு கொதிக்கிறதுக்குள்ள நாலு தடவ வருவாரு தண்ணி குடிக்க. 'நீ போயி டிவியப் பாரு, நான் தண்ணி குடிச்சுட்டு அடுப்பப் பாத்துக்கிறேன்'பாரு. சுகரா இருக்கப் போகுது, ரத்தத்தக் குடுத்துப் பாருங்கன்னு நானே அனுப்பி வச்சேன். பாத்தாரு. சுகரெல்லாம் இல்லயாம். பெறகு எதுக்கு அப்பிடித் தாகமோ!

எந்த ஊருன்னு சொன்ன? ஆமா, அருப்புக்கோட்டை. சொன்னயில்ல.

வந்துச்சு பொரட்டாசி. எங்க வீட்டுல பெருமாளுக்கு மூணாஞ் சனிக்கெழம தளிகை போடுவோம். பெரிய வீட்டு மருமக நான்தான். வாக்கப்பட்டு வந்த வருசத்துலருந்து என் கையிதான். சக்கரப் பொங்கல், புளியோதரை, தயிர்சாதம், சுண்டல், வடை எல்லாம் எல போட்டுப் படைச்சு, சொந்தபந்தம் அம்புட்டும் வந்து கோவிந்தா போடும். படைக்கிற வரைக்கும் ஒரு பருக்கை வாயில வைக்கக்கூடாது. உப்பு பாக்கக்கூடாது, மோந்து கூடப் பாக்கக்கூடாது. குளிச்சு முழுகி, எச்சித் தெறிக்காம வாய மூடிக்கிட்டுச் சமைக்கணும். எங்க வீட்டுக்காரரு இதுல ரொம்பக் கறார். மாசம் பூராம் செருப்புப் போடமாட்டாரு. சனிக்கெழம பச்சத்தண்ணி பல்லுல படாது.

அந்த ஆண்டாளு வந்து, 'மதினி, இந்த வருசம் தளிகைய நான் போட்டுர்றேன். சாமி காரியம் பாருங்க, உப்பு பாக்கவும் முடியாது, தப்பாயிரக்கூடாது'ங்குறா. நெஞ்சுல கைய வச்சுச் சொல்லு தாயி, இது என்ன பேச்சு? தளிகை போடுறவ கையிலதான் அடுப்பு. இந்த வருசம் அவ போட்டா, அடுத்த வருசமும் அவதான். பொங்கலுக்கு அவ, தீவாளிக்கு அவ. நான் ஹால்ல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு, வாரவுக போறவுக 'எப்பிடி இருக்கீக'ன்னு கேட்டா, 'இருக்கேன்'னு சொல்லிக்கிட்டுக் கெடக்கணும். அதுக்கு அந்த ரோட்டுலயே போயிருக்கலாம்.

'நான்தான் போடுவேன். ஒத்தையில போடுவேன். ஒருத்தரும் உள்ள வரக்கூடாது'ன்னுட்டேன். ஆண்டாளு அவ அண்ணன் மூஞ்சியப் பாத்தா. அவரு சொவத்தப் பாத்தாரு. பெறகு, 'அவளே போடட்டும்'னாரு. மெதுவாத்தான் சொன்னாரு. சொல்லிட்டாருல்ல, அது போதும்.

சனிக்கெழம விடிஞ்சதும் குளிச்சுட்டு எறங்கிட்டேன். ஜெனிபர் சொன்ன மாதிரியே எல்லாம் வலது பக்கம். உப்புல மட்டும் நான் என் மூளையப் போட்டேன். எது எதுக்கு உப்பு வேணுமோ அததுக்கு அளந்து தனித்தனிக் கிண்ணத்துல வச்சுட்டேன். கிண்ணம் காலின்னா உப்பு விழுந்துருச்சுன்னு அர்த்தம். எப்பிடி? அவரும் அன்னைக்கு உள்ள எட்டிப் பாக்கல. விரதமாச்சே, தண்ணி குடிக்க வர முடியாதுல்ல! ஹால்லயே இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துக்கிட்டுக் கெடந்தாரு. அப்பாடா, இன்னைக்காவது இந்த மனுசனுக்குத் தாகம் எடுக்கலயேன்னு நெனச்சுக்கிட்டேன்.

பொங்கல் எறக்கியாச்சு. வடை சுட்டாச்சு. தயிர்சாதம் பெசஞ்சாச்சு. ஒரு அடுப்புல புளிக்காச்சல் கொதிக்குது, இன்னொரு அடுப்புல சுண்டல் தாளிக்கிறேன். அந்த நேரம் பாத்து, தெரு மொனையில ஸ்பீக்கர் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டான் பாரு, பாவி! என் மண்டைக்குள்ளயே போட்ட மாதிரி இருந்துச்சு. மேடையப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னுட்டேன். கண்ணத் தொறந்து பாக்கேன். மிச்சம் ரெண்டு உப்புக் கிண்ணம். ஒன்னு காலி, ஒன்னு நெறய. காலிக் கிண்ணத்து உப்ப எதுல கொட்டுனேன்? புளியிலயா, சுண்டல்லயா? ரெண்டும் ஒரே மாதிரிக் கிண்ணம் தாயி. அது ஒன்னுதான் நான் செஞ்ச கோளாறு. தப்பான சட்டியில கொட்டுனா ஒன்னு உப்புக் கரிக்கும், இன்னொன்னு சப்புன்னு போகும். ஒரு சொட்டு நாக்குல வச்சா தெரிஞ்சுரும். வைக்கக் கூடாது.

ஆண்டாளு ஹால்ல இருக்கா. சொந்தக்காரவுக எல்லாம் வந்துட்டாக. சரி, துளசியப் பறிச்சுட்டு வருவோம், அதுக்குள்ள புத்தி தெளியும்னு ரெண்டு அடுப்பையும் அணச்சுட்டுக் கொல்லப் பக்கம் போனேன்.

திரும்பி வந்தா, என் அடுப்பங்கரையில எங்க வீட்டுக்காரரு நிக்கிறாரு. ஒரு கையில உப்பு ஜாடி. இன்னொரு கையில கரண்டி. புளிக்காச்சல் அவரு வாயில!

மாசம் பூராம் செருப்புப் போடாத மனுசன். பச்சத்தண்ணி பல்லுல படாத மனுசன். பெருமாளுக்குப் படைக்காதத எடுத்து வாயில வச்சுருக்காரு. என்னையப் பாத்ததும், 'இதுல உப்பு இருக்கு ரெங்கநாயகி'ங்குறாரு. கல்யாணம் ஆனதுலருந்து என்னையப் பேரு சொல்லிக் கூப்பிட்டது விரல் விட்டு எண்ணிறலாம்.

எனக்கு அப்பத்தான் வெளங்குச்சு. மட மடன்னு வெளங்குச்சு. 'அப்ப இம்புட்டு நாளும்?'னேன். 'என்னைக்காச்சும்தான்'னாரு. 'என்னைக்காச்சும்னா?' 'சில நாளு.' 'எத்தனை நாளு?' உப்பு ஜாடிய மேடையில வச்சாரு. ஒரு நாளும் உப்பு தப்பலன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சனே. தப்பியிருக்கு. கூடுனப்ப தண்ணி ஊத்தியிருக்காரு, கொறஞ்சப்ப உப்பு போட்டுருக்காரு. அழுக வரல எனக்கு. கோவம்தான் வந்துச்சு. இல்ல, அழுகையும் வந்துச்சு, உன்கிட்ட எதுக்குப் பொய். என்னையத் தூக்கிவிட்ட மனுசன்தான். ஆனா தூக்கிவிட்டது எனக்கே தெரியாம இருந்தா, நான் என்னைக்குத் தாயி நடந்து பழக?

'வெளிய போங்க'ன்னேன். 'இல்ல, அந்தச் சுண்டல்ல—'ன்னு ஆரம்பிச்சாரு. 'வாயத் தொறக்காதீக. எச்சி பண்ணுனது பத்தாதா? போங்க வெளிய!' ஹால்ல அம்புட்டுப் பேருக்கும் கேட்டிருக்கும். கேக்கட்டும். அவரு தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனாரு.

எச்சிப்பட்டத பெருமாளுக்குப் படைக்க முடியுமா? சட்டியோட தூக்கி வெளிய வச்சுட்டேன். வேற சட்டி. வேற புளி, வெந்நீர்ல ஊறப் போட்டேன். மொதல்லருந்து. ஆண்டாளு வாசல்ல வந்து நின்னு, 'மதினி, நேரமாகுது, எல்லாரும் பசியோட இருக்காக, நான் வேணா'ன்னா. 'உக்காரு ஆண்டாளு'ன்னேன். அத ஒரு தடவ சொல்லணும்னு எத்தனை மாசமா காத்துக்கிட்டிருந்தேன்!

புளி கொதிச்சுச்சு. நெறய இருந்த கிண்ணத்த எடுத்தேன். அந்தக் குழாய்க்காரன் இன்னும் அலறிக்கிட்டிருக்கான். மறுபடியும் மறந்துட்டா என்ன செய்ய? பேசாம சமைக்கணும்ங்கிறதுதான் மொற. மொறையாவது ஒன்னாவது. முந்தானைய வாயில கட்டிக்கிட்டேன். உப்பக் கொட்டுனேன். கொட்டிட்டு, தொண்டை கிழியக் கத்துனேன் பாரு: 'உப்பு போட்டாச்சு, வெங்கட்ரமணா!'

வெங்கட்ரமணான்னு ஒருத்தி கத்துனா நம்ம சனம் சும்மா இருக்குமா? என்ன ஏதுன்னு தெரியாமலே ஹால்ல இருந்த அம்புட்டுப் பேரும், 'கோவிந்தா!'

'பெருங்காயம் போட்டாச்சு, வெங்கட்ரமணா!' 'கோவிந்தா!' 'வெந்தயப்பொடி போட்டாச்சு, வெங்கட்ரமணா!' 'கோவிந்தா!' ஆண்டாளு மட்டும், 'என்ன மதினி இது, சமைக்கும்போது பேசக்கூடாது'ங்குறா. 'பெருமாள் பேரச் சொல்லக்கூடாதாடி?'ன்னேன். இனிமே நான் மறந்தா, ஹாலு பூராம் ஞாபகம் வச்சிருக்கும்ல. மூலையில உக்காந்திருந்த எங்க சின்ன மாமனாரு, காது செத்தவரு, அவரு எல்லாரும் முடிச்ச பெறகு தனியா ஒரு கோவிந்தா போட்டாரு. எனக்குச் சமைக்கவே உசிரு வந்துருச்சு.

படைச்சோம். சூடம் காட்டுனோம். எல போட்டாச்சு. எல்லாரும் புளியோதரைய எடுத்து வாயில வச்சாக. நான் கரண்டியப் புடிச்சுக்கிட்டு நிக்கேன். பெறகு சின்ன மாமனாரு எலையத் தட்டி, 'இன்னுங் கொஞ்சம் வையி'ன்னாரு. அம்புட்டுதான், பந்தி பூராம் கையி நீண்டுருச்சு.

அப்பறம் ஆண்டாளு சுண்டல எடுத்து வாயில போட்டா. மென்னா. அவ அண்ணனப் பாத்தா. 'மதினி, சுண்டல்ல உப்பே இல்ல'ன்னா. ஆமா தாயி. அந்த நெறஞ்ச கிண்ணம் சுண்டலுக்கு வச்சது. அதத்தான் புளியில கொட்டியிருக்கேன். சுண்டலுக்கு ஒரு கல்லு உப்பு விழல. அந்த மனுசன் அதத்தான் சொல்ல வந்திருக்காரு.

முந்தின நானா இருந்தா அங்கயே செத்துருப்பேன். உப்பு ஜாடியக் கொண்டாந்து பந்தி நடுவுல டங்குன்னு வச்சேன். 'வேணுங்கிறவுக போட்டுக்கோங்க. கும்பகோணத்துப் பக்கம் ஒப்பிலியப்பன் கோயில்ல பெருமாளுக்கே உப்பில்லாமத்தான் படைக்கிறாக. பொண்ணு சின்னப்பிள்ள, உப்புப் போட்டுச் சமைக்கத் தெரியாதுன்னு அப்பன்காரரு சொன்னாராம். பரவால்ல, உப்பில்லாமலே சாப்பிட்டுக்கிறேன்னு கட்டிக்கிட்டுப் போனாராம் அவரு. பெருமாளே வாயத் தொறக்கல, உனக்கென்னடி?'ன்னேன். ஆண்டாளுக்குச் சொன்னதுதான். எங்க வீட்டுக்காரரு எதுக்கோ தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

எல்லாரும் போன பெறகு, பாத்திரம் வெளக்குற எடத்துல வந்து நின்னாரு. 'நாளைக்கு நான் உப்பு பாக்கட்டுமா, வேண்டாமா?'ன்னு கேட்டாரு. 'தாராளமாப் பாருங்க. எல்லாரையும் மாதிரி எலையில உக்காந்து பாருங்க'ன்னேன்.

அடுத்த வாரமே ஆண்டாளு அவ வீட்டுக்குப் போயிட்டா. அருவாமனைய எறக்கித் தந்துட்டுத்தான் போனா. இப்பவும் எனக்கு உப்பு தப்பும் தாயி. தப்பாம இருக்குமா? ஆனா தப்புறது எனக்குத் தெரியுது, அடுத்த நாளு ரெண்டு தடவ பாக்குறேன். ஜெனிபர்கிட்டச் சொன்னேன். இப்பத்தாம்மா நீங்க சமைக்கிறீங்கன்னா.

ஒன்னு சொல்றேன், கேட்டுட்டு நீ உன் அம்மாவுக்கு என்ன செய்யணுமோ செய்யி. நான் விழுந்த நாள்லருந்து எங்க வீட்டுக்காரரு என்னைய ஒரு சொல்லு சொன்னதில்ல. வாயத் தொறந்தா கடுகு வெடிக்கிற மனுசன். தீஞ்சாலும் நல்லா இருக்கு, கரிச்சாலும் நல்லா இருக்கு. கண்ணாடி டம்ளரு மாதிரி வச்சிருந்தாரு என்னைய. போன வெள்ளிக்கெழம, ரெண்டு வாய் சோறு தின்னுருப்பாரு. தட்ட டமார்னு தள்ளி, 'என்னடி கொழம்பு இது? உப்பும் இல்ல, ஒறப்பும் இல்ல, மனுசன் திம்பானா இத?'ன்னு வீடு அதிரக் கத்துனாரு. கத்திட்டு அவருக்கே திக்குன்னு ஆயிருச்சு, என் மூஞ்சியப் பாக்காரு.

எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? ஸ்கேன் பாத்துச் சொன்னாகளே சரியாயிரும்னு, அன்னைக்குக் கூட நான் நம்பல. அப்பத்தான் நம்புனேன். அதுக்காக விட்டுருவனா? 'இஷ்டமிருந்தா தின்னுங்க, இல்லாட்டி எந்திரிச்சுப் போங்க! நாள் பூராம் அடுப்புல வேகுறவ நானு, சொல்லு சொல்ல வந்துட்டாரு!'ன்னு நானும் ஏறி நின்னேன். அவரும் விடல. ரெண்டு பேரும் போட்ட சண்டையில பக்கத்து வீட்டுக்காரவுக வெளக்கப் போட்டு வாசலுக்கே வந்துட்டாக.